முடி வளர்வது நிற்காது, சலூன் நடக்குமா?

கோவில்பட்டியில் எனக்கு அடுத்த தெருவில் முப்பது ஆண்டுக்கும் மேலாக மளிகைக் கடை நடத்தி வரும் நம் சங்க உறுப்பினர் ஒருவர், போன மாதம் ஒரு நாள் இரவு கடை அடைத்த கையோடு என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு நோட்டு. கடன் நோட்டாக இருக்குமோ என்று நினைத்தேன். இல்லை, அது அவர் மகன் எழுதிக் கொடுத்த திட்டம்.

"அண்ணாச்சி, கடைய ஒட்டுன குடோன் சும்மாத்தான் கிடக்கு. பையன் அதுல சலூன் வைக்கணும்ங்கான். மூணு சேர், ஏ.சி., கண்ணாடி எல்லாம் சேத்து எட்டு லட்சம் ஆகும்ங்கான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. வைக்கலாமா, வேண்டாமா?"

உடனே 'வேண்டாம்' என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது, அப்படிச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றியது. அந்தக் குடோன் ஏன் சும்மா கிடக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். முன்பு விருதுநகர் போய் மூட்டை மூட்டையாகப் பருப்பும் எண்ணெய் டின்னும் இறக்கி அடுக்கி வைத்தோம். இன்று ஏஜென்ஸி வண்டி வாரத்துக்கு இரண்டு முறை வாசலுக்கே வருகிறது. அடுக்கி வைக்கவும் சரக்கில்லை, அடுக்கி வைத்தால் வாங்கவும் ஆளில்லை. மேல்தட்டு வாடிக்கை சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டது. பெரிய நகரங்களில் பத்து நிமிடத்தில் கொத்தமல்லிக் கட்டு வீட்டுக்கு வருகிறதாம். நம் ஊருக்கு அது வர எத்தனை நாளாகும்?

நம் பகுதிக்கென்று தனிக் கஷ்டமும் உண்டு. தீப்பெட்டி ஆபீசில் சனிக்கிழமை சம்பளம் போட்டால்தான் நம் கல்லாவில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் கேட்கும். பிளாஸ்டிக் லைட்டர் வந்து அந்தத் தொழிலை அரித்த கதையை இங்கே விரிக்க வேண்டியதில்லை. இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு மத்திய அரசு 2023 ஜூனில் தடை போட்டது. தடை வந்ததால் போன நாட்கள் திரும்பி வந்துவிடவில்லை. வாரத்தில் ஆறு நாள் வேலை இருந்த வீட்டில் நான்கு நாள் வேலை என்றால், அரைக் கிலோ துவரம் பருப்பு கால் கிலோ ஆகிறது.

ஆகவே வேறு தொழில் பார்க்கலாமா என்று ஒரு மளிகைக்காரர் யோசிப்பதில் தவறே இல்லை. சலூன் என்று பையன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. தலைமுடியை ஆன்லைனில் வெட்ட முடியாது. சலூன் சரக்குக்குப் பூச்சி பிடிக்காது, காலாவதித் தேதி கிடையாது. முடி வெட்டிக்கொண்டு 'நோட்டில் எழுதி வை' என்று சொல்பவர் அநேகமாக இல்லை. அன்றைய வரவு அன்றே கையில். நம் தொழிலில் கடன் பாக்கியால் தூக்கம் போனவர்களுக்கு இது ஒன்றே பெரிய ஆசை காட்டும். பையனின் நோட்டில் முதல் வரியே "எந்தப் பொருளாதார நெருக்கடியிலும் முடி வளர்வது நிற்காது" என்பதுதான். படித்த பிள்ளை, நன்றாகத்தான் எழுதியிருக்கிறான்.

முடி வளர்வது நிற்காது. ஆனால் வெட்டுகிற இடைவெளி நீளும். மாதம் ஒரு முறை வெட்டுகிறவர் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை வருகிறார். அவரே நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு முறை என்று தள்ளிப் போட்டால் எட்டு முறைதான். ஒரு வாடிக்கையாளரைக்கூட இழக்காமல் மூன்றில் ஒரு பங்கு வியாபாரம் போய்விடும். மளிகையில் வியாபாரம் குறைந்தால் அலமாரியில் சரக்கு தேங்கிக் கண்ணுக்குத் தெரியும். சலூனில் அப்படித் தெரியாது. தெரிந்த முகங்கள் எல்லாம் வந்துகொண்டுதான் இருப்பார்கள், மாதக் கடைசியில் பணம் மட்டும் பற்றாது.

ஷேவிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சலூன்காரருக்கு அன்றாடச் செலவுக்கு அதுதான் ஓடியது. இன்று இளைஞர்கள் தாடி வைக்கிறார்கள், வைக்காதவர்கள் வீட்டில் டிரிம்மர் வைத்திருக்கிறார்கள். அந்த டிரிம்மரும் ஆன்லைனில் வந்ததுதான். ஆக அந்தத் தொழிலுக்குள்ளும் ஆன்லைன் புகுந்துதான் இருக்கிறது, கதவு வழியாக இல்லாமல் ஜன்னல் வழியாக.

அடுத்தது நாள் கணக்கு. இதை மகனும் எழுதவில்லை, தகப்பனாரும் யோசிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நம் பக்கத்தில் சலூன் விடுமுறை. வெள்ளிக்கிழமை பலர் வெட்டுவதில்லை. அமாவாசை, கிருத்திகை, பிறந்த நாள், பிறந்த நட்சத்திரம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. மனைவி மாசமாக இருந்தால் முடி எடுக்காதவர்கள் உண்டு. கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் மலைக்குப் போய் வரும்வரை கத்தி பக்கமே வரமாட்டார்கள்; ஒரு தெருவில் முப்பது பேர் மாலை போட்டால் அந்தத் தெரு சலூனுக்கு ஒன்றரை மாதம் அந்த முப்பது தலையும் இல்லை. தீபாவளிக்கு முந்தைய இரண்டு நாளும், பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதமும், ஞாயிற்றுக்கிழமைகளும் கூட்டம் தாங்காது. புதன்கிழமை மத்தியானம் மாஸ்டர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

இதுதான் நமக்கும் அந்தத் தொழிலுக்கும் உள்ள பெரிய வித்தியாசம். இன்று விற்காத அரிசி மூட்டை நாளைக்கும் அரிசி மூட்டைதான். இன்று காலியாக இருந்த நாற்காலியின் அரை மணி நேரத்தை நாளை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு எடுத்து வைக்க முடியாது. அதற்குரிய சம்பளமும் கரண்டும் மட்டும் கணக்கில் ஏறிவிடும்.

அன்றிரவு நண்பரும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இவை அவருடைய இடத்துக்கான தொகைகள். உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கும். எட்டு லட்சத்தை 11 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுத் தவணையில் வாங்கினால் மாதம் சுமார் ரூ.17,400. மூன்று தொழிலாளிகளுக்கு ஆளுக்கு ரூ.16,000 வீதம் ரூ.48,000. மின்சாரம் ரூ.6,000. பிளேடு, கிரீம், துண்டு, சலவை ரூ.6,000. சொந்தக் கட்டடமாக இருந்தாலும் வாடகையைக் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன், அது ரூ.8,000. மொத்தம் ரூ.85,400. பையனுக்கும் ஏதாவது வேண்டுமே, அவன் கைக்கு ரூ.15,000 என்று வைத்தால் ரூ.1,00,400.

செவ்வாய் போக மாதம் 26 நாள். ஒரு நாளைக்கு ரூ.3,860 வர வேண்டும். கட்டிங் ரூ.120 என்றால் நாளொன்றுக்கு 32 தலை. மாதத்துக்கு 832 தலை. ஒருவர் நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு முறை வருவதாக இருந்தால், ஏறக்குறைய 1,250 பேர் இந்தக் கடையைத் தவிர வேறு கடைக்குப் போகாதவர்களாக இருக்க வேண்டும். கலரிங், ஃபேஷியல் என்று மேல் வரும்படி இருக்கும் என்பான் பையன். இருக்கட்டும், ஆயிரம் பேர் என்று வைத்துக்கொள்வோம். பிறகு நண்பரைக் கேட்டேன்: "நம்ம கடையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எத்தனை சலூன்?" விரல் விட்டு எண்ணினார். ஏழு. அந்த ஏழு பேரிடமிருந்துதான் இந்த ஆயிரம் தலையும் வர வேண்டும்.

பையன் இன்னொரு யோசனையும் எழுதியிருந்தான். பெரிய கம்பெனி ஒன்றின் பெயரை வாங்கி, அவர்கள் கிளையாகத் தொடங்குவது. இதில் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. நம் கடைகளில் சரம் சரமாகத் தொங்கிய ஷாம்பு பாக்கெட்டை நினைத்துப் பாருங்கள். ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழை எளியவருக்கும் எட்டச் செய்த முன்னோடிகளில் ஒருவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் கவின்கேர். அந்தக் கவின்கேரின் சலூன்கள்தான் க்ரீன் டிரெண்ட்ஸ். அவருடைய சகோதரர் சி.கே.குமரவேலும் அவர் மனைவி வீணாவும் 2000-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கியது நேச்சுரல்ஸ். ஒரே குடும்பம், பாக்கெட் ஷாம்புவிலிருந்து சலூன் நாற்காலி வரை தலைமுடியை விட்டு விலகவே இல்லை. அவர்கள் கற்றுத் தேர்ந்த தொழில் அது. பெயரை வாங்கி நடத்துகிற முறை எந்தத் தொழிலில் இருந்தாலும் பொதுவாக ஏற்பாடு ஒன்றுதான்: பெயர் கொடுப்பவருக்கு விற்பனையில் பங்கு, இடமும் முதலும் போட்டவருக்கு மிச்சம். மிச்சம் இல்லாத மாதத்திலும் விற்பனையில் பங்கு போய்ச் சேர்ந்தாக வேண்டும். மாநகரத்தில் கட்டுபடியாகலாம். 120 ரூபாய் கட்டிங் நடக்கிற ஊரில் கையெழுத்துப் போடும் முன் மூன்று முறை படிக்க வேண்டும்.

இனி வரி. இந்த இடத்தில் நண்பர் உண்மையிலேயே அதிர்ந்து போனார். அவருக்கு ஆண்டு விற்பனை முப்பத்தாறு லட்சம் அளவில். சரக்கு மட்டும் விற்பவர்களுக்கு நம் மாநிலத்தில் 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை என்பதால் அவர் பதிவு செய்யவில்லை. ஆனால் அந்த 40 லட்சம் 'சரக்கு மட்டும்' விற்பவருக்கே. சலூன் என்பது சேவை. அதே பான் எண்ணில் சலூனைத் தொடங்கினால் அவருக்கு வரம்பு 20 லட்சமாகிவிடும். மளிகை விற்பனையே அதைத் தாண்டி நிற்கிறது. வரியில்லாத சில்லறை அரிசி, காய்கறி விற்பனையும் அந்தக் கூட்டலில் சேரும். அதாவது சலூனில் முதல் தலை வெட்டிய அன்றே மளிகைக் கடையும் வரிப் பதிவுக்குள் வந்து, சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் பில் போட வேண்டியதாகும். காம்போசிஷனில் இருப்பவர்களுக்கும் எச்சரிக்கை: சேவை வருமானம் முந்தைய ஆண்டு விற்பனையில் பத்து சதவீதம் அல்லது ஐந்து லட்சம், இதில் எது அதிகமோ அதற்கு மேல் போனால் அந்தச் சலுகை போய்விடும்.

2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது; பையன் அதை நோட்டில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தான். நல்ல செய்திதான். ஆனால் அந்த 5 சதவீதத்தில் உள்வரி கழிவு கிடையாது. நாற்காலிக்கும் ஏ.சி.க்கும் கட்டிய வரி கட்டியதுதான். பதிவே தேவைப்படாத சிறு சலூனுக்கு இந்தக் குறைப்பால் நேரடி லாபம் எதுவுமில்லை. அவர் முன்பும் வரி வாங்கவில்லை, இப்போதும் வாங்கப் போவதில்லை. லாபம் பெரிய கடைகளுக்கு. எனவே தொடங்குவதானால் மகனுடைய சொந்தப் பான் எண்ணில், தனிக் கணக்கில், தனி வங்கிப் புத்தகத்தில் தொடங்க வேண்டும். ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் போர்டு எழுதக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் கணக்கு. கணக்கில் சேராத ஒன்று நண்பரின் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி, சுவரில் பழைய நடிகர் படம். அந்த மாஸ்டரிடம்தான் எனக்கும் நண்பருக்கும், ஏன், இந்தப் பையனுக்கும் முதல் முடி இறக்கியதிலிருந்து இன்றுவரை. 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கில் மளிகைக் கடை திறந்திருந்தது. அவர் கடை பூட்டிக் கிடந்தது. நம் நண்பர்தான் அரிசியும் எண்ணெயும் கடனுக்குக் கொடுத்தார். கடை திறந்ததும் வாரா வாரம் நூறும் இருநூறுமாகக் கொடுத்து அந்தக் கணக்கை நேர் செய்தவர் அந்த மனிதர். நம் நோட்டில் உள்ள எத்தனை பெரிய மனிதர்கள் அப்படி நேர் செய்தார்கள்?

நம் பாட்டனார் காலத்தில் இந்தத் தொழிலை நம்மவர் செய்வதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். மருத்துவர் சமூகத்தார் ஊருக்கே முடி எடுத்துவிட்டு, அறுப்புக் காலத்தில் களத்தில் கம்பும் சோளமும் கூலியாக வாங்கிப் போனார்கள். அவர்களைத் திண்ணைக்கு மேல் ஏற விடாதவர்கள் நாம். இப்போது ஏ.சி. வந்து, கண்ணாடி வந்து, கட்டணமும் ஏறியதும் அந்தத் தொழிலில் நமக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. யாரும் எந்தத் தொழிலும் செய்யலாம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 2012-இல் சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு கதவைத் திறந்தபோது நாம் கடையடைத்தோம், ஊர்வலம் போனோம். பணபலம் உள்ளவன் சிறு கடைக்காரனின் எதிரில் வந்து உட்காருவது அநியாயம் என்று மே 5 மாநாடுகளில் பேசுகிறோம். எட்டு லட்சத்துடன் எதிர் வரிசையில் மூன்று சேர் போடும்போது அந்த மாஸ்டருக்கு நாம் யார்?

மறுநாள் காலை முடி வெட்டிக்கொள்ளும் சாக்கில் அங்கே போனேன். செய்தி அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. கோபமே இல்லை.

"வைக்கட்டும் மொதலாளி. தம்பி நல்ல பையன். ஆனா ஒண்ணு, சனங்க கடையப் பாத்து வர்றதில்ல, கையப் பாத்துத்தான் வரும். ஆளு வச்சு நடத்துனா, அந்த ஆளு ரெண்டு வருசத்துல அடுத்த தெருவுல தனியாக் கடை போடுவான். வர்றவங்கள்ல பாதிப் பேரு அவன் பின்னாடியே போயிருவாங்க. நானே அப்படித்தான வந்தேன்."

இதைவிடத் தெளிவாக எந்தப் பொருளாதார நிபுணரும் சொல்ல முடியாது. மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கிற பையன் வரவில்லையென்றால் நானே தராசடியில் நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து பேர் காத்திருக்கும்போது கட்டிங் மாஸ்டர் வரவில்லையென்றால் பி.காம். படித்த பையன் கத்தரிக்கோலை எடுக்க முடியுமா? கைத்தொழில் தெரியாத முதலாளி, நல்ல காலத்தில் வேண்டுமானால் தாக்குப் பிடிப்பார். இன்றைய காலத்தில், கடன் வாங்கிய பணத்தில், வேண்டாம்.

மாஸ்டர் இன்னொன்றும் சொன்னார். அவர் மகன் கோயமுத்தூரில் ஒரு பெரிய சலூனில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறான். கலரிங், புது மாதிரி கட்டிங் எல்லாம் கைவந்தவன். ஊருக்கு வர ஆசை. ஆனால் இரண்டு நாற்காலிக் கடையில் தகப்பனும் மகனும் ஒன்றாக நிற்க இடம் போதாது, புது இடம் பிடிக்க அட்வான்ஸ் கொடுக்க வசதியில்லை.

அன்று மாலையே நண்பரிடம் போய் என் கருத்தைச் சொன்னேன். குடோனைச் சலூனாக்கலாம், ஆனால் நீங்கள் முதலாளியாக வேண்டாம். கட்டடம் அவர் மனைவி பெயரில் இருக்கிறது. அவருக்கு வேறு வியாபாரமில்லை. ஆகவே வாடகை அவர் கைக்கே வரட்டும், மளிகைக் கணக்கின் 40 லட்ச வரம்பை அது தொடாது. மாஸ்டர் மகன் வந்து தொழில் நடத்தட்டும். அவன் பெயரில் முத்ரா கடனுக்கு விண்ணப்பிக்கட்டும். ஐந்து லட்சம் வரை கிஷோர் பிரிவில் வரும். மூன்று சேர் வேண்டாம், இரண்டு போதும். உங்கள் பையனுக்கு அதில் நாட்டமிருந்தால் ஒன்று முதலில் ஆறு மாதம் கத்தரிக்கோல் பிடிக்கப் படிக்கட்டும், அல்லது சிறு பங்கு போட்டுக் கணக்கு வழக்கும் புக்கிங்கும் பார்க்கட்டும். எதுவானாலும் மளிகைக் கடையின் சுழற்சிப் பணத்தில் ஒரு ரூபாயும் அங்கே போகக் கூடாது. ஏஜென்ஸிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை எடுத்து வேறு தொழிலில் போட்டு, இரண்டு கடையும் ஒரே மாதத்தில் மூடியவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

நண்பருக்கு முழுத் திருப்தியில்லை. "வாடகை எட்டாயிரத்துக்கா அண்ணாச்சி இவ்வளவு பேச்சு?" என்றார். எட்டாயிரம் சிறிய தொகைதான். ஆனால் அந்த எட்டாயிரத்துக்கு அவர் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆளைத் தேட வேண்டியதில்லை. கடன் வாங்கிக் கண்ணாடி மாட்டிய பிறகு மாதம் எட்டாயிரம் மிஞ்ச எத்தனை தலை வெட்ட வேண்டும் என்று அந்த நோட்டிலேயே இருக்கிறது. பையனுக்கோ என் மேல் வருத்தம். பெரியவர்கள் எதைத் தொடங்கினாலும் தடுப்பார்கள் என்று நினைக்கிறான். அவன் வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். எண்ணெய் மில் வைக்கப் போன என்னை என் மாமனார் தடுத்தார். அவர் தடுத்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாஸ்டர் மகன் அடுத்த செவ்வாய்க்கிழமை ஊருக்கு வருகிறான். அன்று சலூன் விடுமுறை. நண்பர் கடையில் மத்தியானம் இரண்டு மணிக்குக் கூட்டம் இருக்காது. நால்வரும் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். நோட்டை எடுத்துக்கொண்டு போகிறேன்.